இதய மருத்துவரும் குடும்ப வாட்ஸ்அப் குழுவும்

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன். இவற்றைக் காய்ச்சிக் குடித்தால் இதய ரத்தக்குழாய் அடைப்பு கரைந்துவிடும் என்ற செய்தி செட்டிநாட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. கஷாயத்தால் பெரும்பாலும் பெரிய கேடு வருவதில்லை. அதை நம்பி, அடைபட்ட குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைத்த சில மாதங்களிலேயே, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், ஆபத்து அங்கேதான். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே உலை.

இதய மருத்துவர்களில் பலர் சமூக ஊடகத்தைத் தங்கள் மதிப்புக்குக் குறைவான இடமாக நினைக்கிறோம். நாம் ஒதுங்கிய இடத்தில் இருமல் வைத்தியம் குடியேறிவிட்டது. தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் பிழைக்கலாம் என்கிறது அந்தச் செய்தி. ஆஞ்சியோகிராம் மேசையில், மானிட்டரில் இதயத் துடிப்பு திடீரெனத் தடுமாறுவதைப் பார்த்து, நினைவோடு இருக்கும் நோயாளியைச் சில நொடிகள் இருமச் சொல்வதுண்டு. அது மருத்துவமனைக்குள் நடப்பது. வீட்டில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டிய நேரத்தைத்தான் இழக்கிறார்.

இதற்கு மறுப்பாக நீண்ட பதிவு எழுதிப் பயனில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து ஆச்சி அதைப் படிக்கப்போவதில்லை. தெரிந்த டாக்டரின் குரலில் ஒரு நிமிடத் தமிழ்ப் பேச்சு என்றால் கேட்பார், உடனே நாலு பேருக்கு அனுப்பியும் வைப்பார். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம் என்பவை அப்படிப் பேச வேண்டிய செய்திகள். பேசும் நேரத்தையும் ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். செப்டம்பர் 29 உலக இதய நாளுக்குப் போடும் வண்ணப் படத்தைவிட, தைப்பூசத்துக்கு முன்பு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்குச் சொல்லும் நாலு வார்த்தை அதிகம் உதவும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் கேட்காமல் கிளம்ப வேண்டாம். விரதம் என்று மாத்திரையை விட வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் உடனே நின்று உதவி கேளுங்கள். மணிவிழாக் காலத்தில் அப்பளம், வற்றல், ஊறுகாயில் இருக்கும் உப்பைப் பற்றிப் பேசலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. நம் விருந்து இலையில் அது எந்த மூலைக்குக் காணும்!

ஊருக்குப் பொதுவாகச் சொல்வது வேறு, ஒருவருக்கு வைத்தியம் பார்ப்பது வேறு. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கும் ஊர் இது. நள்ளிரவில் மகனிடமிருந்து ஈசிஜி படம் வரும்: "டாக்டர், அப்பாவுக்கு நெஞ்சு எரிகிறதாம், கொஞ்சம் பாருங்கள்." அந்தப் படத்தைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று பதில் போடவே கூடாது. மாரடைப்பின் தொடக்கத்தில் ஈசிஜி இயல்பாகவே இருக்கலாம். "உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்" என்பதே பதில். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வாட்ஸ்அப் வழி ஆலோசனையை அனுமதிக்கின்றன. ஆனால் பதிவேடு வேண்டும், அவசர நிலையில் நேரடிச் சிகிச்சைக்கு அனுப்பிவிட வேண்டும். ஃபேஸ்புக் கருத்துப் பெட்டியில் மாத்திரை அளவு சொல்வது இதில் சேராது.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது "95 சதவீத அடைப்பு நீக்கப்பட்டது" என்னும் முன்-பின் வீடியோக்கள். மாரடைப்பின்போது குழாயைத் திறப்பது உயிர் காக்கும். ஆனால் நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களிடம் நடந்து 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' என்னும் ஆய்வில், மருந்துகளோடு தொடக்கத்திலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்தது, மருந்துச் சிகிச்சையோடு மட்டும் தொடங்கியதைவிட மாரடைப்பையும் மரணத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. வீடியோவைப் பார்த்தவர் எல்லா அடைப்புக்கும் ஸ்டென்ட் வேண்டும் என்றுதான் முடிவுக்கு வருவார். பெயரை மறைத்தாலும் போதாது. "தேவகோட்டை, 58 வயது, ஜவுளிக்கடை" என்று போட்டால் மாலைக்குள் பங்காளிகள் அனைவருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட நடத்தை விதிகளில் சமூக ஊடகத்துக்கென்றே தனிப் பகுதி இருந்தது: விருப்பக்குறிகளை விலைக்கு வாங்காதே, நோயாளியிடம் பாராட்டு வீடியோ கேட்காதே என்றெல்லாம். அதே மாதம் அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அதற்காகக் கட்டவிழ்த்துவிட்டதாக யாரும் மகிழ வேண்டாம். விளம்பரத்தால் நோயாளியை இழுக்கக்கூடாது என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது.

மருத்துவர்களுக்குள் நடக்கும் பேச்சுக்குச் சமூக ஊடகம் நல்ல களம். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்யும் முறை பரவியதில் ட்விட்டரின் 'ரேடியல் ஃபர்ஸ்ட்' (முதலில் மணிக்கட்டு வழி) ஹேஷ்டேகுக்கும் பங்குண்டு. சிறிய ஊர் மருத்துவர் குழுவில் ஈசிஜி போட்டு, மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர் நிமிடத்தில் பதில் தருவதால் மிச்சமாகும் நேரம் இதயத் தசையைக் காக்கிறது. தாளின் மேல் ஓரத்தில் இருக்கும் பெயரையும் எண்ணையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள். கிடைத்த ஆலோசனையைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

கூகுளில் ஒருவர் நம்மைத் திட்டி எழுதியிருந்தால், "உங்கள் தந்தைதான் மாத்திரையை நிறுத்தினார்" என்று அங்கேயே பதில் எழுதக் கை துறுதுறுக்கும். உண்மையாகவே இருந்தாலும் அது நோயாளியின் ரகசியம். நேரில் வரச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும்.