காய்ச்சல் வந்தால் கைக்குழந்தையாகும் நாலு வயசு

பெங்களூருவில் ஜூனில் பள்ளி திறந்து மழையும் சேர்ந்துகொண்டால், நர்சரிப் பிள்ளைகளுக்கு மாறி மாறிச் சளி, காய்ச்சல்தான். கூடவே ஒரு புகாரும் வரும்: "நாலு வயசாகுது டாக்டர், இடுப்பை விட்டு இறங்க மாட்டேங்கிறான். ராத்திரி படுக்கையிலேயே மூத்திரம் போறான்." பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் பேசுகிற பிள்ளை, வீட்டில் மழலைத் தமிழுக்குத் திரும்பியிருக்கும்.

இது அடம் இல்லை. கடைசியாகப் பழகியதுதான் முதலில் நழுவும். மூத்திரம் முட்டுவதை உணர்ந்து, அடக்கிக்கொண்டு பாத்ரூம் வரை போகக் கவனம் வேண்டும். காய்ச்சலில் அது இருக்காது. உடம்பு தேறியபின் ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதுவரை தூக்குங்கள், ஊட்டுங்கள், இரவில் டயபர் போடுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் போங்கள். பாட்டி வீடியோ காலில் 'கண்ணு பட்டிருக்கு' என்றால் சுற்றிப் போடுங்கள், தெர்மாமீட்டரையும் வையுங்கள்.

பால் பாட்டிலை மட்டும் பரணிலிருந்து இறக்க வேண்டாம். வாயில் பாட்டிலோடு தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகும். காய்ச்சல் போனாலும் பாட்டில் போகாது. மடியில் உட்காரவைத்து டம்ளரில் கொடுங்கள். பிள்ளை கேட்பது மடியைத்தான்.

இன்னொரு தவறு மருந்தில். பாப்பாவாகிவிட்டதே என்று, தங்கச்சிப் பாப்பாவின் பாராசிட்டமால் டிராப்ஸை எடுத்து சிரப் அளவில் ஊற்றுவது. டிராப்ஸில் வழக்கமாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். 5 மில்லி கொடுத்தால் 500. எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் ஒரு வேளைக்கு உச்சம்; 15 கிலோ பிள்ளைக்கு 225. 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று போட்ட சிரப்பில் அது நாலரை மில்லி.

'செல்லம்' என்று தள்ளக்கூடாதவையும் உண்டு. காய்ச்சல் தணியும்போது நடக்க மறுத்தால் கெண்டைக்காலை மெல்ல அழுத்திப் பாருங்கள். வலித்தால் தசை அழற்சியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். மூத்திரம் டிகாக்ஷன் நிறத்தில் போனால் அன்றைக்கே. பேசாமல் எச்சில் ஒழுகினால் வாய்ப்புண்ணா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூச்சிலும் சத்தம் இருந்தால் வாயைத் திறக்கவே முயலாமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். சளி, இருமல் இல்லாத காய்ச்சலோடு படுக்கை நனைந்தால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் மூத்திரப் பரிசோதனை வேண்டும். தாகமும் உடம்பு மெலிவதும் சேர்ந்தால் அன்றே சர்க்கரை பாருங்கள். எட்டு மணி நேரமாக மூத்திரமே போகாவிட்டாலும் காத்திருக்காதீர்கள்.