முகர்ந்து பார்க்கக் கண் எதற்கு?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் நண்பருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனாலும் துணியைத் தடவிவிட்டு, 'தொட்டுப் பார்த்தேன், நல்லா இருக்கு' என்கிறார். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கமா?"

அப்படி இல்லை. முகர்ந்து பார், கேட்டுப் பார், யோசித்துப் பார் என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். எதிலும் கண்ணுக்கு வேலை இல்லை. இங்கே 'பார்' துணைவினை என்பது பள்ளியில் படித்ததுதான். சரி, பார்க்கிற சொல் சோதித்து அறிகிற சொல்லாக மாறியது எப்படி?

"கதவைத் திறந்து பார்த்தான்." திறந்துவிட்டு உள்ளே நோக்கினான் என்றும் கொள்ளலாம், திறக்கிறதா என்று சோதித்தான் என்றும் கொள்ளலாம். "கதவைத் திறந்து தம்பியைப் பார்த்தான்" என்று நடுவே ஒரு சொல் நுழைந்தால் இரண்டாம் பொருள் போய்விடும். இரண்டு வினைகளும் ஒட்டி நின்றால்தான் அது கிடைக்கும். ஒன்றைச் செய்தவுடன் பார்ப்பது அதன் விளைவை அறியத்தானே? அந்த அறிதல் சொல்லில் தங்கிவிட, கண் மெல்லக் கழன்றுகொள்கிறது. மொழியியலார் இதை இலக்கணமாக்கம் என்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த படி. "சுவர் விழப் பார்த்தது" என்கிறோம். சுவருக்குக் கண்ணும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் "சுவர் விழுந்து பார்த்தது" என்று யாரும் சொல்வதில்லை. 'செய்து பார்' என்பதற்கு விரும்பிச் செய்கிற ஒருவர் தேவை. 'விழப் பார்' என்பதற்கு அதுவும் தேவையில்லை. ஒரே சொல் தேய்மானத்தின் இரண்டு கட்டங்களில் ஒரே நேரத்தில் நிற்கிறது!

ஜப்பானிய மொழியில் 'தபேத்தே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'மிரு' என்பது நம் 'பார்'. கொரிய மொழியிலும் இதே அமைப்பு உண்டு. இதை மட்டும் வைத்து அவை தமிழிலிருந்து பிறந்தவை என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது அறிவியல் ஆகாது. மூன்று மொழிகளிலும் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதனால் வினைகள் அருகருகே அமர்ந்து ஒட்டிக்கொள்ள வழி இருக்கிறது.

அமெரிக்காவில் பார்பரா லாண்டாவ், லைலா கிளைட்மன் இருவரும் பார்வையற்ற ஒரு சிறுமியின் ஆங்கிலத்தை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள். "மேலே பார்" என்றதும், கண்ணைக் கட்டியிருந்த பார்வையுள்ள பிள்ளைகள் முகத்தை உயர்த்தினார்கள். அவளோ கைகளை உயர்த்தினாள். "தொடலாம், ஆனால் பார்க்காதே" என்றபோது பொருளை லேசாகத் தட்டிவிட்டு நிறுத்தினாள். "இப்போது பார்" என்றதும் விரல்களால் முழுக்கத் தடவி ஆராய்ந்தாள். அவளுக்குப் பார்ப்பது என்றால் கையால் அறிவது.

தமிழில் 'தொடு', 'தொட்டுப் பார்' என்று இந்த வேறுபாடு இலக்கணத்திலேயே இருக்கிறது. பார்வையற்ற தமிழ்க் குழந்தைகள் எந்த வயதில் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியும், குழந்தைகளோடு சில ஆண்டுகள் உட்கார ஓர் ஆய்வாளருக்குச் சம்பளமும் போதும். மொழியின் பழம்பெருமை பேச ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் தர வேண்டும் என்பது என் கருத்து.