கொம்பன் சுறா: பிடித்த பிறகு விடுவது போதாது

சுறா உயிரோடு சிக்கினால் கடலில் விட்டுவிடலாம் என்ற அறிவுரை, சுத்தியல்போல் இருபுறமும் நீண்ட தலையுள்ள கொம்பன் சுறாவுக்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை. நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் வாய்வழி நீர் புகுந்து செவுள்களைக் கடக்கும். செவுள்வலையில் மாட்டி நின்றதும் மூச்சு முட்டிவிடும். தூண்டிலில் மாட்டினாலோ மூர்க்கமாகத் திமிறும். இரத்தத்தில் அமிலம் ஏறி, நீந்திப் போன பிறகும் சாகலாம்.

நம் கடலில் அதிகம் சிக்கும் கொம்பன் ஸ்பிர்னா லூயினி. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) செம்பட்டியலில் இது அழிவின் விளிம்பில் உள்ள இனம். அடையாளம் தலையின் முன்விளிம்பில் இருக்கிறது. நட்டநடுவே ஒரு குழிவு, இருபுறமும் வேறு குழிவுகள் இருந்தால் லூயினி. நடுக்குழிவு இல்லாமல் வளைந்திருந்தால் ஸ்பிர்னா சைகீனா. விளிம்பு ஏறக்குறைய நேராக இருந்து, முதுகுத் துடுப்பு அரிவாள்போல் உயர்ந்திருந்தால் ஸ்பிர்னா மொகர்ரன். தலையை வெட்டிவிட்டால் இந்த அடையாளமெல்லாம் போயிற்று.

பெரிய இழப்பு குட்டிகளில்தான். தாய் 9 முதல் 12 மாதம் சுமந்து, கரையோர ஆழமில்லாத நீரில் ஈனுகிறது. குட்டி பிறக்கும்போதே ஏறத்தாழ அரை மீட்டர். பெண் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராக 2 மீட்டருக்கு மேல் வளர வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் வேறு மீனுக்கு விரித்த வலையில் சிக்கி, சிறு சுறாக் குவியலில் பால் சுறாவோடு கலந்து சுறாப்புட்டுக்குப் போய்விடுகிறது. 2015 முதல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு இந்தியாவில் தடை உண்டு. நல்ல தடைதான், ஆனால் இந்தக் குட்டிகள் துடுப்புக்காகச் சாகவில்லை.

சிக்கியதை விடுவதானால் படகில் ஏற்றாதீர்கள். வாலைக் கட்டி இழுத்தால் செவுளில் நீர் தலைகீழாக ஓடும். கண்ணும் மின்னுணர் துளைகளும் தலையின் இருபுறக் கொம்பில்தான் உள்ளன, அதைப் பிடிக்கவே கூடாது. படகோரம் தண்ணீரிலேயே வைத்து, நீளக் கைப்பிடிக் கத்தியால் தூண்டில் நரம்பை (கயிற்றை) முள்ளுக்கு ஒட்டி அறுங்கள். வலையானால் கண்ணியை அறுத்துவிடுங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள்.

இதைவிட முக்கியம், குட்டிகள் வரும் இடத்தையும் மாதத்தையும் குறித்துக்கொள்வது. இறங்குதளத்தில் தலை வெட்டும் முன் நீளம், வலைக்கண் அளவு, வலை விரித்த ஆழம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரே இடத்தில் அரை மீட்டர்க் குட்டிகள் மீண்டும் மீண்டும் ஏறினால், அந்த மாதங்களில் அங்கே வலை விரிக்காமல் தள்ளிப் போங்கள்.