பி.எச்.: களரா, புளிப்பா?

மண் பரிசோதனை முடிவை வாங்கிப் பார்த்தால் 'களர் அமில நிலை' என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ஓர் எண். ஆய்வுக்கூடத்தில் பேச்சுவழக்கில் இதையே 'பி.எச்.' என்பார்கள். குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் மேடுகளில் இந்த எண் பெரும்பாலும் 7-க்குக் கீழேதான் நிற்கும். அதாவது மண் புளிப்பு. ஆனால் தமிழ்ச்சொல்லோ களரில் தொடங்குகிறது. இதைப் படித்துவிட்டுத் தன் நிலம் களராகிவிட்டதோ என்று ஒருவர் பயந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் பி.எச். எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் பெயரில் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த சோரன் சோரன்சென் 1909-இல் இந்த அளவைக் கொண்டுவந்தார். நொதிகள் எவ்வளவு புளிப்பில் எப்படி வேலை செய்கின்றன என்று எழுதும்போது, பூஜ்யங்களாக நீளும் எண்களைச் சுருக்க ஒரு வழி தேவைப்பட்டது. 'எச்' புளிப்பைத் தரும் ஹைட்ரஜனைக் குறிக்கிறது. 'பி' எதைக் குறிக்கிறது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. வலு, அடுக்கு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து என்பார் சிலர். பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து என்பார் சிலர். அந்த அடுக்குதான் விஷயம். எண் ஒன்று இறங்கினால் புளிப்பு 10 மடங்கு ஏறும். 7-ஐ விட 5 என்பது 100 மடங்கு புளிப்பு. 5.8-க்கும் 5.2-க்கும் நடுவே ஏறக்குறைய 4 மடங்கு இருக்கிறது. புள்ளிக்கு அப்புறம் வரும் எண்தானே என்று விட்டுவிடக் கூடாது.

அமிலம் என்பது 'அம்ல' என்ற வடசொல்லின் வழி வந்தது. பொருள் புளிப்பு. ஆசிட்டுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் அதே பொருள்தான். தனித்தமிழில் எழுதுவோர் காடி என்பார்கள். புளித்த கஞ்சிநீருக்கு இருந்த பழைய பெயர் அது. எதிர்ப்பக்கத்தில் நிற்பது காரம். 'க்ஷார' என்பதன் தமிழ் வடிவம். மிளகாயின் காரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. ஆங்கிலத்து ஆல்கலி, சாம்பலைக் குறித்த ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வடமொழி மருத்துவ நூல்களில் க்ஷாரமும் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுத்ததுதான். தென்னை மூட்டில் அடுப்புச் சாம்பல் கொட்டும் வழக்கம் நம் பக்கம் இருந்ததல்லவா? மண்ணின் புளிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே பொட்டாசியமும் தந்த வேலை அது.

களர் வேறு கதை. 'களரனையர் கல்லா தவர்' என்று குறள் சொல்லும்போது ஒன்றும் விளையாத நிலம் என்ற பொருளில் வருகிறது. வேளாண்மைத் துறை வழக்கில் அதற்குத் திட்டமான பொருள் உண்டு. களிமண் துகளில் சோடியம் அதிகமாக ஒட்டி, பி.எச். 8.5-க்கு மேல் போன நிலம் களர். வெறும் உப்பு மிகுந்தது உவர். மழை குறைந்து வடிகால் கெட்ட இடங்களில் களர் உருவாகும். குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. மலையடிவாரத்துச் சரிவுகளில் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. களிமண் துகளில் அவை ஒட்டியிருந்து காலியான இடங்களில் ஹைட்ரஜனும் அலுமினியமும் உட்கார்ந்துகொள்கின்றன. வெட்டுக்கல் (செம்புரைக்கல்) பூமி புளித்தது இப்படித்தான்.

பெயர்க் குழப்பம் பேச்சோடு நின்றால் பரவாயில்லை, கைமுதலையும் பாதிக்கும். களருக்கு மருந்து ஜிப்சம். அதன் கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். புளிப்பு நிலத்துக்குச் சுண்ணாம்பு அல்லது மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் வேண்டும். ஜிப்சம் போட்டால் கால்சியம் கிடைக்கும், புளிப்பு இறங்காது. இரண்டும் வெள்ளைப் பொடி, இரண்டும் மூட்டையில்தான் வருகின்றன. அதனால் குமரிக்கு 'களர் அமில நிலை' என்பதை விட 'அமில கார நிலை' நல்ல சொல். அண்டையிலுள்ள மலையாளத்தில் மண்ணின் புளிப்பைப் புளிரசம் என்றே எழுதுகிறார்கள். நாமும் 'புளிப்பு நிலம்' என்று தயங்காமல் எழுதலாம்.

சரி, அந்த எண் எதை அளக்கிறது? மண்ணை அல்ல, மண்நீரை. ஒரு பங்கு மண்ணில் இரண்டரைப் பங்கு தண்ணீர் கலக்கி, அந்த நீரில் கரைந்திருக்கும் ஹைட்ரஜனை மட்டும் கருவி காட்டுகிறது. களிமண் துகளிலும் மட்கிலும் ஒட்டியிருப்பது அதில் வராது. பெரிய சரக்கு இருப்பது அங்கேதான். சட்டைப்பைச் சில்லறைக்கும் பெட்டிப் பணத்துக்கும் உள்ள உறவு இது: சில்லறையைச் செலவழித்தால் பெட்டியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். பாடநூல்கள் இதைச் 'சேம அமிலத்தன்மை' என்கின்றன. எனக்கு 'இருப்பு அமிலம்' போதும்.

இருப்பு எப்படி வெளியே வருகிறது என்பதை ஒரு சோதனையில் பார்க்கலாம். வெறும் தண்ணீருக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அதே மண்ணைக் கலக்குங்கள். எண் இன்னும் கீழே போகும். பொட்டாசியம் போய் ஒட்டிக்கொண்டு, துகளில் இருந்த ஹைட்ரஜனையும் அலுமினியத்தையும் நீரில் தள்ளிவிட்டது. இதுதான் அயனிப் பரிமாற்றம். மின்னேற்றம் பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம்தான் அயனி. 1850-இல் ஜான் தாமஸ் வே என்ற ஆங்கிலேய வேதியியலாளர் மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். அடியில் வடிந்ததில் கால்சியம் சல்பேட் இருந்தது. அம்மோனியம் மண்ணில் தங்க, கால்சியம் வெளியேறியிருந்தது. அயனி என்ற சொல்லும் அழகாக அமைந்துவிட்டது. 'அயான்' கிரேக்கத்தில் 'போவது'. நம் உத்தராயணத்தில் இருக்கும் அயனமும் போக்குதான். துகளில் ஒட்டும் நேர்மின் அயனியை இங்கே நேரயனி என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் கற்றயன்.

எவ்வளவு நேரயனியைப் பிடித்துவைக்கும் என்பது மண்ணுக்கு மண் மாறும். கோவில்பட்டிக் கரிசலின் களிமண் நிறையப் பிடிக்கும். நம் செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட் வகைக் களிமண்ணுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால் இங்கே தழையும் சாணமும் மட்கி உருவாவதுதான் பெரும் பிடிமானம். போட்ட உரம் அடுத்த மழையில் ஓடிவிடுகிறதென்றால் முதலில் மட்கைப் பாருங்கள். இன்னொன்று: ஒரே பி.எச். காட்டும் இரண்டு நிலங்களில், மணல் கூடியதற்குக் கொஞ்சம் சுண்ணாம்பு போதும், களியும் மட்கும் கூடியதற்கு அதிகம் வேண்டும். இருப்பு வேறு அல்லவா? வெறும் பி.எச். எண்ணை வைத்துச் சுண்ணாம்பு மூட்டைக் கணக்குப் போட முடியாது.

எல்லாப் பயிருக்கும் சுண்ணாம்பு தேவை என்றும் இல்லை. ரப்பர் புளிப்பு மண்ணிலேயே நன்றாக வரும். பொதுவாக 5.5-க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து முடங்கிவிடும். யூரியா, அம்மோனியம் சல்பேட் இரண்டும் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது ஹைட்ரஜனை விடுவதால், ஆண்டுக்கணக்கில் போட்டால் புளிப்பு ஏறும்.

நாஞ்சில் நாட்டு ஏலாக்களில், அதாவது நெல் வயல்வெளிகளில், வேறொரு வேடிக்கை. புளிப்பு வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் காற்று அடைபட்டு, மண்ணின் இரும்பு வேறு வடிவுக்கு மாறும். அந்த மாற்றம் ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் சில வாரங்களில் பி.எச். 7-ஐ நெருங்கும். அறுவடைக்கு நீரை வடித்து வயல் காய்ந்ததும் பழையபடி இறங்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் மண்ணை உலர்த்தித்தான் சோதிக்கிறார்கள். ஆகவே நெல் வயலின் சோதனை முடிவில் வரும் எண், பயிர் நிற்கும்போது வேரைச் சுற்றியிருக்கும் நீரின் எண் ஆகாது. வயல் காய்ந்ததும் வாழையோ மரச்சீனியோ (மரவள்ளி) நடப்போகிறவருக்குத்தான் அது அப்படியே பொருந்தும்.