ஐப்பசி மழையும் லென்ஸுக்குள் பூஞ்சையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் பறவைப் படமெடுக்க வெளியூர் போக வேண்டியதில்லை, வீட்டுப் பக்கத்து ஏரியே போதும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்து இறங்கத் தொடங்கியிருக்கும். தோட்டத்துச் சருகுகளுக்கிடையே ஆறுமணிக் குருவி தத்தித் திரியும். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநில ஓரம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். லென்ஸுகள் கெடுவதும் இதே மாதங்களில்தான். பழியை எல்லோரும் மழைமீது போடுகிறார்கள். சர்வீஸ் மேசையில் பிரித்துப் பார்த்தால், தூறலில் நனைந்து செத்தவை குறைவு. வீட்டுக்கு வந்தபின் பைக்குள்ளேயே கிடந்து பூஞ்சை பிடித்தவைதான் அதிகம்.

முதல் கேடு, கிளம்பும்போதே தொடங்கிவிடுகிறது. குளிர்நாட்டுக் கையேடுகள், வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது எச்சரிக்கை என்று எழுதும். நம்மூரில் அது தலைகீழ். இரவெல்லாம் 23 டிகிரி ஏசியில் இருந்த கேமராவை விடியற்காலையில் வெளியே எடுக்கிறீர்கள். வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 25 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த பொருள் எதுவானாலும் நீர் கோத்துக்கொள்ளும். முன்கண்ணாடியைத் துடைத்துவிடலாம், உள்ளே இருக்கும் கண்ணாடிகளை என்ன செய்வது? முந்தைய இரவே கேமராவை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மறந்துபோனால், ஏசி அறைக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு மூடி, பிறகு வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள். தொலைவைக் கிட்டே காட்டும் பெரிய டெலி லென்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

நீட்டிச் சுருக்கும் ஜூம்கள், குறிப்பாக 150-600 மி.மீ. வகை, சைக்கிள் பம்பு மாதிரி வேலை செய்பவை. நீட்டும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். நீட்டிய குழாயில் துளிகள் நிற்கும்போதே சுருக்கினால் அந்தத் தண்ணீரும் உள்ளே போகும். துடைத்த பிறகே சுருக்க வேண்டும். வசதி இருந்தால் ஒரே குவியத் தொலைவில் வைத்தே எடுங்கள். ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூ வழியாகவும் நீர் இறங்கும், பலரும் தொலைத்துவிடும் அந்தச் சின்ன மூடி அதற்காகத்தான். மழை உறைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கனமான பிளாஸ்டிக் பையில், லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் கட்டினால் தூறலுக்குத் தாங்கும். 'வெதர் சீல்டு' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது நீர்புகாத் தன்மை ஆகாது.

மேகமூட்டத்தில் வானம் வெள்ளையாகிவிடுவதால் நீர்க்காகம் போன்ற கரிய பறவை பறக்கும்போது வெறும் நிழலாக விழும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 முதல் +1.3 வரை ஏற்றுங்கள். இருண்ட நாணல் முன்னால் நிற்கும் வெண்கொக்குக்கு எதிர்ப்பக்கம், -0.7. பறக்கும் பறவைக்கு 1/1600 நொடி ஷட்டர் வேகம் வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 ஆனாலும் ஆகட்டும். மணல்மணலான படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை முடியாது. கூட்டை மறைக்கும் இலையை மட்டும் ஒடிக்காதீர்கள். குஞ்சுக்கு மழை மறைவே அந்த இலைதான். காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது.

கேமரா நன்றாகவே நனைந்துவிட்டால் பேட்டரியையும் கார்டையும் உடனே கழற்றுங்கள். 'ஆன் ஆகிறதா பார்ப்போம்' என்ற அந்த ஒரு அழுத்தலில்தான் போர்டு கருகுகிறது. ஹேர் டிரையர் நீரை இன்னும் உள்ளே தள்ளும். அரிசிப் பானையில் புதைத்தால் மிஞ்சுவது மாவுத் தூசுதான்.

இனி வீட்டுக்கு வந்தபின். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிய மூடிய இருட்டு, பூஞ்சைக்குப் பிடித்த இடம். பஞ்சு வைத்த கேமரா பையும் பீரோவும் கார்த்திகையில் அப்படித்தான் இருக்கும். அந்துருண்டை ஈரத்தை இழுக்காது. ரப்பர் வளையம் உள்ள 20 லிட்டர் காற்றுப்புகா டப்பா, 250 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பதமானி, இவை போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். 35-க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். கிரீஸும் ரப்பரும் அளவுக்கு மீறிய வறட்சியைத் தாங்காது. நனைந்த தோள்வாரையும் பையையும் டப்பாவுக்குள் வைக்கவே கூடாது. ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஓவனில் 110 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். அதில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமைக்கும் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்தால் அது பூஞ்சை. ஆரம்பத்தில் படத்தில் எதுவும் தெரியாது என்பதால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு எதிர்வெயிலில் எடுத்த படங்கள் பால் ஊற்றியது போல் வெளுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வளர்ந்த இழை கண்ணாடியைவிட்டுப் போகாது. சீக்கிரம் கொடுத்தால் பிரித்துத் துடைத்துவிடலாம். பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பிறகும் வலையின் தடம் அப்படியே நிற்கும். அப்புறம் அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும், பழைய லென்ஸுக்கு அது கிடைப்பதும் அரிது.