எடைக்கல் இல்லாத கிலோகிராம்

2019 மே 20 வரை, ஒரு கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே செவ்ரில் இருந்த ஓர் உலோக உருளையின் நிறை. 90 சதவீதம் பிளாட்டினம், 10 சதவீதம் இரிடியம். உயரமும் விட்டமும் சுமார் 39 மில்லிமீட்டர்தான். 1889 முதல் அதுவே உலகத்துக்கான எடைக்கல். பெட்டகத்தைத் திறக்க மூன்று சாவிகள் வேண்டும். நாடுகளுக்கு அதன் நகல்கள் போயின. 57ஆம் எண் நகல் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்தது.

நூறாண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூலத்துக்கும் நகல்கள் பலவற்றுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வரை வித்தியாசம் வந்திருந்தது. மூலம் இளைத்ததா, நகல்கள் பருத்தனவா? சொல்ல வழியில்லை. வரையறைப்படி மூலம் எப்போதுமே மிகச் சரியாக ஒரு கிலோதான். அளவுகோலையே அளக்க இன்னொரு அளவுகோல் இல்லாத இந்த நிலைதான் உண்மையான சிக்கல். மீட்டர் 1960லேயே உலோகச் சட்டத்தை விட்டு ஒளிக்கு மாறிவிட்டது. கிலோ மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது.

வழி காட்டியவர் பிரிட்டன் இயற்பியலாளர் பிரையன் கிப்பிள். 1975இல் அவர் முன்வைத்த தராசில், எடையைத் தாங்குவது காந்தப்புலத்தில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள். அதில் மின்னோட்டம் செலுத்தினால் விசை பிறக்கும். அந்த விசை எடையைச் சரிக்கட்டும்போது மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குப் போட காந்தப்புலத்தின் வலிமையும் கம்பியின் நீளமும் தெரிய வேண்டும். இவற்றைப் போதிய துல்லியத்தோடு அளப்பது மகா கஷ்டம்.

கிப்பிளின் யோசனை இங்கேதான் வருகிறது. எடையை எடுத்துவிட்டு, அதே சுருளை அதே புலத்தில் சீரான வேகத்தில் நகர்த்துங்கள். சுருளில் மின்னழுத்தம் தோன்றும். அதன் சூத்திரத்திலும் அதே வலிமை, அதே நீளம்! இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்தால் அவை அடிபட்டுப் போகும். நிறை, ஈர்ப்பு முடுக்கம், வேகம் மூன்றின் பெருக்கல் ஒரு பக்கம். மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கல் மறுபக்கம். எனக்குத் தெரிந்து அளவியலில் இதைவிட அழகான கணக்கு இல்லை.

வேகத்தை லேசர் அளந்துவிடும். ஈர்ப்பு முடுக்கத்தைத் தராசு இருக்கும் இடத்திலேயே அளப்பார்கள். மின் அளவுகளை ஜோசப்சன் விளைவு, குவாண்டம் ஹால் விளைவு என்ற இரண்டு குவாண்டம் நிகழ்வுகளைக் கொண்டு அளக்கும்போது, குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலி கணக்குக்குள் வந்துவிடுகிறது. ஆக, நிறை தெரிந்தால் மாறிலியைக் கண்டுபிடிக்கலாம். மாறிலி தெரிந்தால் நிறையைக் கண்டுபிடிக்கலாம்.

முதலில், தெரிந்த எடைகளை வைத்து மாறிலியை அளந்தார்கள். சிலிக்கன் உருண்டையில் அணுக்களின் எண்ணிக்கையைக் கணித்த வேறொரு முறையும் அதோடு ஒத்துப்போனது. அப்புறம் 2018 நவம்பர் 16 அன்று பிரான்சின் வெர்சாயில் கூடிய சர்வதேச அளவைகள் மாநாடு மாறிலியை 6.62607015 × 10⁻³⁴ ஜூல் நொடி என்று நிரந்தரமாக நிர்ணயித்தது. 2019 மே 20 முதல் கிலோவின் வரையறை அந்த எண்ணிலிருந்தே வருகிறது. பழைய கிலோவோடு பொருந்தும்படியே அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததால் கடைத் தராசு எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

பெரிய லாபம் சின்ன எடைகளில்தான். முன்பு ஒரு மில்லிகிராமை உறுதிசெய்ய, கிலோவிலிருந்து படிப்படியாகப் பிரித்துக்கொண்டே இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிழை கூடும். இப்போது அந்த மில்லிகிராமையே நேரடியாகப் பிளாங்க் மாறிலியோடு இணைத்து அளக்கலாம்.