செல்லையாவின் கொம்பு எங்கே போனது?

டெஸ்க்டாப் செயலிக்கு எந்த டூல்கிட் (பட்டன், பெட்டி, சாளரம் எல்லாம் தரும் நிரல் தொகுப்பு) நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அழகைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் எழுத்தைப் பற்றிப் பேசுவேன், ரங்கூனில் நான் அடி வாங்கியது அங்கேதான்.

வகை இரண்டு. பட்டன், உள்ளீட்டுப் பெட்டி எல்லாவற்றையும் இயங்குதளத்திடமே கேட்டு வாங்குவது ஒன்று, நேட்டிவ் என்பார்கள். 1992-இல் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், எக்லிப்ஸின் எஸ்டபிள்யூடி எல்லாம் அப்படி. மற்றது வெற்றுச் சாளரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பதைத் தானே வரைவது: ஜாவா ஸ்விங், க்யூட்டி, ஃப்ளட்டர்.

பயின்னவுங் சந்தையில் உளுந்து, துவரை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்குக் கணக்குச் செயலி எழுதினேன். கடைக் கணினியில் பழைய விண்டோஸ் 7. முதலாளி பெயர்களைத் தமிழில் அடிப்பார், கணக்குப்பிள்ளை பர்மியத்தில். தானே வரையும் ஒரு டூல்கிட்டை எடுத்து, என் மடிக்கணினியில் ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு (சோம்பேறித்தனம்தான்) கொண்டுபோய் நிறுவினேன். முதலாளி 'செல்லையா' என்று அடித்தார். கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நின்றது. "தம்பி, இந்த ஆளை எனக்குத் தெரியாதே" என்றார்.

யூனிகோடில் 'செ' என்பது முதலில் ச, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை அடுக்கும் நிரலின் வேலை. விண்டோஸ் தன் 2000-ஆம் பதிப்பிலிருந்தே தமிழுக்கு இதைச் செய்கிறது, லதா எழுத்துருவும் கூடவே வந்தது. தானே வரையும் டூல்கிட் அந்தப் பக்கம் போகாவிட்டால் சொந்தமாக அடுக்கியாக வேண்டும். நான் எடுத்தது அடுக்கவில்லை.

சரி என்று நேட்டிவ் பக்கம் போய் மறுபடி எழுதினேன். செல்லையா சரியானார். அப்புறம் கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்தார், அதே நோய் பர்மியத்தில்! அங்கும் நம் கொம்பு போல எழுத்துக்கு முன்னால் எழுதுகிற குறி ஒன்று உண்டு. யூனிகோடு அதைப் பின்னால் சேமிக்கும்; இங்கே நீண்டகாலம் கோலோச்சிய ஸாஜி எழுத்துருவோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முன்னால். நாடு 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, கடைக் கணினி மாறவில்லை. வாடிக்கையாளர் பட்டியலை நான் யூனிகோடுக்கு மாற்றி வைத்திருக்க, நேட்டிவ் பெட்டி கணினியில் கிடந்த ஸாஜியை எடுத்து அதைக் காட்டியது. பர்மிய எழுத்துரு விண்டோஸ் 8-இல்தான் கூடவே வந்தது, ஆகவே 7-இடம் கேட்டும் பயனில்லை.

கடைசியில் தானே வரையும் வகைக்கே திரும்பினேன். இந்த முறை ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தை அடுக்கும் நிரல் உள்ளே இருக்கிற ஒன்று (ஜாவாவும் 9-ஆம் பதிப்பில் அதற்குத்தான் மாறியது). தமிழுக்கும் பர்மியத்துக்கும் நோட்டோ என்ற யூனிகோடு எழுத்துருக்களையும் செயலியோடு கட்டிக் கொடுத்துவிட்டேன். இப்போது அந்தக் கணினியில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுத்து பிசகுவதில்லை.

ஆனால் முதலாளிக்குக் கண்புரை, விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் (கறுப்புப் பின்னணியில் வெளிச்ச எழுத்து) போட்டுத்தான் வேலை பார்ப்பார். நேட்டிவ் பெட்டிகள் அதைக் கண்டதும் தாமாகக் கறுத்துவிடும், என் திரை மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு வெள்ளையாகவே நின்றது. அதற்கென்று நிறங்களைத் தனியாக எழுத இரண்டு வாரம் போயிற்று. திரைவாசிப்பான் வைத்து வேலை செய்பவருக்கு எழுதுவதாக இருந்தால் நான் யோசிக்காமல் நேட்டிவைத்தான் எடுப்பேன்.

இப்போதெல்லாம் முதல் நாளே ஒற்றை உள்ளீட்டுப் பெட்டி மட்டும் உள்ள ஒரு செயலியைக் கடைக்கு எடுத்துப் போகிறேன். செல்லையா, கொழுந்தன், பிறகு ஒரு பர்மியப் பெயர். அவர்கள் கணினியில் அவர்களே அடித்து, நடுவில் ஓரெழுத்தை அழித்து, திரும்ப அடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.